தர்மத்துக்குக் கூலி கொடுக்கும் கேம்கள்: ஆர்.பி.ஜி. எழுத்தாளரை எடைபோட நாலு கேள்விகள்

ஆர்.பி.ஜி. கேம்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் பாராட்டு ஒன்று உண்டு: "இந்த கேம்ல நாம எடுக்கிற முடிவுக்கு மதிப்பு இருக்குப்பா." அடிக்கடி விழும் திட்டும் அதன் மறுபக்கம்தான்: "எதைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசியில ஒரே இடத்துக்குத்தான் கூட்டிட்டுப் போறான்." இரண்டுமே அந்த கேமை எழுதியவரைப் பற்றிய தீர்ப்புகள். ஆனால் எந்த அளவுகோலை வைத்து இந்தத் தீர்ப்பு என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அந்த அளவுகோலைத் தேடி எடுத்து வைத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி விளக்கம். ஆர்.பி.ஜி. என்றால் ரோல் பிளேயிங் கேம். ஒரு கதாபாத்திரத்தின் வேஷத்தை நாம் போட்டுக்கொள்கிறோம். ஊர் ஊராகப் போகிறோம், ஆட்களிடம் பேசுகிறோம். பேசும்போது திரையில் மூன்று நான்கு பதில்கள் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காப்பாற்றுவதா கைவிடுவதா, உண்மையைச் சொல்வதா மறைப்பதா என்று அந்தத் தேர்வு சில சமயம் ஒரு தர்மசங்கடமாக இருக்கும். அந்த இடத்தை எழுத்தாளர் எப்படிக் கையாள்கிறார் என்பதுதான் நம் கேள்வி.

பரமபதத்தில் இல்லாத ஒன்று

விளையாட்டில் தர்மத்தை வைப்பது நமக்குப் புதுசு இல்லை. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து விளையாடும் பரமபத சோபானம் அப்படிப்பட்ட ஒன்றுதான். நற்குணங்கள் ஏணிகள், தீய குணங்கள் பாம்புகள், உச்சியில் வைகுண்டம். இதன் இந்திய வடிவம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து உலகம் முழுக்க 'ஸ்நேக்ஸ் அண்ட் லேடர்ஸ்' ஆனது.

ஆனால் பரமபதத்தில் நாம் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. தாயக்கட்டை விழுந்தபடி காய் நகர்கிறது. பாம்பு கடித்தால் அது நம் தப்பு இல்லை, ஏணி கிடைத்தால் நம் சாமர்த்தியமும் இல்லை. கர்மவினையைச் சொல்லித்தர அது நல்ல கருவி. முடிவெடுப்பதைச் சொல்லித்தர அதால் முடியாது.

கம்ப்யூட்டர் கேமில் முடிவை நம் கையில் கொடுத்து, அதையே கதையின் மையமாக வைத்த ஆரம்பகால முயற்சிகளில் முக்கியமானது 1985-இல் வந்த 'அல்டிமா 4'. எழுதியவர் ரிச்சர்ட் கேரியட். முந்தைய அல்டிமா கேம்களில் விளையாடுபவர்கள் கடைகளில் திருடி, ஊர்க்காரர்களைக் கொன்று, அப்படியே போய் ராட்சசனையும் கொன்று 'ஹீரோ' ஆகிவிட முடிந்தது. அது அவரை உறுத்தியது. அதனால் நாலாவது பாகத்தில் கொல்வதற்குப் பெரிய வில்லனே கிடையாது. நேர்மை, கருணை, தியாகம், பணிவு என்று எட்டு நற்குணங்களில் தேறுவதுதான் லட்சியம். தேறியவருக்குக் கிடைக்கும் பட்டம் 'அவதார்'. ஆமாம், நம்ம அவதாரம்தான். இந்து மரபிலிருந்து எடுத்துக்கொண்ட சொல்.

அதில் ஒரு மூலிகைக் கடை வருகிறது. கடைக்காரருக்குக் கண் தெரியாது. எத்தனை காசு வைக்கிறோம் என்பதை நாம்தான் டைப் பண்ண வேண்டும். குறைத்து வைத்தால் யாரும் பிடிக்க மாட்டார்கள், அந்த நிமிஷம் ஒன்றும் நடக்காது. உள்ளே எங்கோ நேர்மைக்கான எண் மட்டும் சத்தமில்லாமல் குறையும். அந்த எண்ணைத் திரையில் பார்க்கவும் முடியாது. இது கவனிக்க வேண்டிய இடம், திரும்ப வருவோம்.

கிளைகளை எண்ணுவது சரியான அளவுகோல் அல்ல

முதலில் ஒரு தவறான அளவுகோலைத் தள்ளிவிடலாம். "எத்தனை முடிவுகள் இருக்கு? 3 எண்டிங்கா, 16 எண்டிங்கா?" என்று எண்ணுவது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு வழியுள்ள தேர்வுகள் 10 வைத்து, ஒவ்வொன்றும் கதையை முழுசாக வேறு பாதைக்குக் கொண்டுபோனால் 1,024 கதைகள் எழுத வேண்டும். 20 தேர்வு என்றால் 10 லட்சத்தைத் தாண்டிவிடும். எந்த நிறுவனத்தாலும் முடியாது. அதனால் எல்லா எழுத்தாளர்களும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்: கிளை பிரித்து, கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஒரே பாதையில் சேர்த்துவிடுவது. நீங்கள் எடுத்த முடிவு ஒரு 'ஃபிளாக்' ஆக, அதாவது ஆம்/இல்லை என்ற ஒரு பிட் ஆக, மெமரியில் இருக்கும். பிறகு யாராவது ஒரு வசனத்தை மாற்றிப் பேசுவதற்கு அது பயன்படும். 2012-இல் வந்த டெல்டேல் நிறுவனத்தின் 'தி வாக்கிங் டெட்' கேம் இதை ஒளிக்கவே இல்லை. நீங்கள் ஒன்று சொன்னதும், இந்தச் சிறுமி இதை ஞாபகம் வைத்துக்கொள்வாள் என்று திரையிலேயே அறிவிப்பு வரும். கதை பெரிதாக மாறாது. ஆனால் அந்த அறிவிப்பைப் பார்த்ததும் நெஞ்சு ஒரு நொடி திக் என்று அடித்துக்கொள்ளும்.

இதற்கு நம் மொழியிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ், ஜூலை 2023-இல் வெளியிட்ட 'வெண்பா'. அடுத்த ஆண்டே, அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருது வாங்கியது. இது ஆர்.பி.ஜி. கிடையாது, சமையல் புதிர்களோடு ஓடும் குடும்பக் கதை. 1988-இல் கனடாவில் வெண்பா, பாவலன் என்ற தமிழ்த் தம்பதியிடம் தொடங்குகிறது. ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். குழந்தை வரப்போவது தெரிகிறது, தங்கிவிடுகிறார்கள். பையன் கவின் வளர்கிறான். வீட்டுச் சாப்பாட்டை ஸ்கூலுக்கு எடுத்துப்போகக் கூச்சப்படுகிறான். தமிழ் மெல்ல மெல்ல விலகுகிறது.

அதில் பேச்சுக்கு நடுவில் பதில்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கதை ஏறக்குறைய அதே தடத்தில்தான் போகும். கிளை எண்ணுகிறவர் கணக்குப்படி இது தோல்வி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளையிடம் கோபமாகச் சொன்னாலும் பொறுமையாகச் சொன்னாலும் அவன் போகிற திசை மாறாது என்பது புலம்பெயர்ந்த ஒரு தாயின் உண்மை நிலைமை. அங்கே நம் கையில் இருப்பது முடிவு அல்ல, நடந்துகொள்ளும் விதம் மட்டும். அந்த எல்லையை எழுதியவர்கள் ஏமாற்றாமல் காட்டியிருக்கிறார்கள். வார்த்தையை மாற்றினால் மகன் திருந்திவிடுவான் என்று எழுதியிருந்தால் அதுதான் பொய்.

ஆகவே கிளைகளின் எண்ணிக்கையை விடுவோம். என் நாலு கேள்விகள் இவை.

கேள்வி 1: எதிர்த் தரப்புக்கு ஒரு நியாயம் இருக்கிறதா?

2008-இல் வந்த 'ஃபால்அவுட் 3' கேமில் மெகாடன் என்று ஒரு ஊர். ஊர் நடுவில் வெடிக்காத அணுகுண்டு ஒன்று கிடக்கிறது. ஊர் ஷெரீஃப் அதைச் செயலிழக்கச் செய்யச் சொல்கிறார். மதுக்கடையில் கோட்டு சூட்டு போட்ட ஒருவர், அதை வெடிக்க வைத்தால் பணம் தருகிறேன் என்கிறார். எதுக்கு? தூரத்தில் ஒரு கோபுரத்தில் குடியிருக்கும் பணக்காரருக்கு இந்த ஊர் கண்ணை உறுத்துகிறதாம். அவ்வளவுதான் காரணம்.

குண்டு வெடிக்கிற காட்சி பிரமாதம். ஆனால் இது தர்மசங்கடமே இல்லை. ஒரு பக்கம் ஊர் முழுக்க மனிதர்கள், இன்னொரு பக்கம் ஒரு கிறுக்கு ஆசை. இதில் யோசிக்க ஒன்றும் கிடையாது. 'இன்னிக்கு நான் நல்லவனா கெட்டவனா' என்று வேஷத்தைத் தேர்ந்தெடுப்பது மட்டும்தான் நடக்கிறது.

2015-இல் போலந்தின் சி.டி. ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் வெளியிட்ட 'விட்சர் 3' கேமை இதன் பக்கத்தில் வையுங்கள். ஒரு மலைக்குள், மரத்தின் வேரடியில், ஒரு ஆவி கட்டுண்டு கிடக்கிறது. என்னை விடுவித்தால் சூனியக்காரிகளிடம் சிக்கிய குழந்தைகளைக் காப்பாற்றுவேன் என்கிறது. நம்பலாமா என்று தெரியாது. விடுவித்தால் குழந்தைகள் பிழைக்கிறார்கள். பக்கத்துக் கிராமம் அழிகிறது, இன்னொரு குடும்பமும் சிதைகிறது. கொன்றால் கிராமம் தப்பிக்கிறது, குழந்தைகள் போய்விடுகிறார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் மறுபக்கத்துக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தேர்ந்தெடுக்காத வழிக்கும் ஒரு நியாயம் இருந்தால்தான் அதைச் சங்கடம் என்று சொல்ல முடியும்.

கேள்வி 2: நல்லது செய்ததற்கு எழுத்தாளர் கூலி கொடுக்கிறாரா?

நாலு கேள்விகளில் எனக்கு முக்கியமானது இதுதான்.

மெகாடனுக்கே திரும்பலாம். குண்டைச் செயலிழக்கச் செய்தால் அந்த ஊரில் உங்களுக்கு ஒரு வீடு. வெடிக்க வைத்தால் அந்தக் கோபுரத்தில் ஒரு சொகுசு அறை. இரண்டு பக்கமும் வீடு! எழுத்தாளர் யாருக்கும் எந்தக் குறையும் வைக்கவில்லை. அந்த கேமில் புண்ணியக் கணக்கின் பெயரே 'கர்மா'. பாவம் ஏறிவிட்டால், தாகத்தில் இருக்கும் பிச்சைக்காரருக்குச் சுத்தமான தண்ணீர் பாட்டில் கொடுத்துக் கொடுத்து அதை ஏற்றிக்கொள்ளலாம். ஒரு ஊரையே அழித்த கணக்கைத் தண்ணீர் பாட்டிலால் நேர் செய்யலாம் என்றால் அது கர்மா இல்லை, வங்கிக் கணக்கு.

பயோவேர் நிறுவனத்தின் கேம்களில் இதே நோய் வேறு விதம். 2003-இல் வந்த 'நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்' கேமில் ஒளிப் பக்கம், இருள் பக்கம் என்று ஒரு அளவுகோல் உண்டு. ஒரு பக்கம் சாயச் சாய, அந்தப் பக்கத்து சக்திகளைப் பயன்படுத்த ஆகும் செலவு குறையும். 2010-இல் 'மாஸ் எஃபெக்ட் 2'. நல்ல பேச்சு நீலம், முரட்டுப் பேச்சு சிவப்பு. சில முக்கியமான வசனங்கள், ஒரு நிறத்தில் போதுமான மதிப்பெண் சேர்த்தவருக்குத்தான் திறக்கும். விளைவு என்ன? விளையாடுபவர் ஒவ்வொரு சூழ்நிலையையும் தனியாக யோசிப்பதை விட்டுவிட்டு, கேம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு நீலத்தையே அமுக்குகிறார். முடிவெடுப்பது முதல் மணி நேரத்திலேயே முடிந்துபோகிறது. மீதி முப்பது மணி நேரம் பட்டன் அமுக்குவது மட்டும்தான்.

எண் வைப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. அல்டிமா 4-லும் எண் உண்டு. ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது. உங்கள் நிலைமை தெரிய வேண்டுமென்றால் ஒரு ஞானியிடம் போய்க் கேட்க வேண்டும், அவரும் பூடகமாகத்தான் சொல்வார். நேர்மை என்பது ஒரே நாளில் எடுக்கும் முடிவு இல்லை, பழக்கம். பழக்கத்தை அளக்க உள்ளே எண் வேண்டும்தான். அதைச் சம்பளச் சீட்டு மாதிரி திரையில் காட்டியதும் பிளேயர் சம்பளத்துக்கு வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறார்.

இன்னொரு மாற்று வழியை நம் நாட்டுக் கேம் ஒன்றில் பார்க்கலாம். போபாலில் இருக்கும் பைரோடாக்டைல் கேம்ஸ் 2014-இல் வெளியிட்ட 'அன்ரெஸ்ட்'. பழங்கால இந்தியாவைப் போன்ற கற்பனை நகரம், பஞ்சம், கொதித்துக்கொண்டிருக்கும் மக்கள். அதில் நாம் ஒரே ஆளாக இருப்பதில்லை. அடுத்தடுத்துப் பல பேருடைய வேஷம். அவர்களில் ஒருத்தி, பெற்றோர் பார்த்து முடிவு செய்த கல்யாணத்தை எதிர்கொள்ளும் கிராமத்துப் பெண். இந்த கேமில் நல்லவர் கெட்டவர் அளவுகோல் கிடையாது. எதிரே பேசுகிறவருக்கு நம் மேல் எவ்வளவு நட்பு, எவ்வளவு மரியாதை, எவ்வளவு பயம் என்று மூன்று அளவுகள். அதாவது 'நீ நல்லவனா' என்று தீர்ப்பு சொல்ல எழுத்தாளர் மறுக்கிறார். 'இந்த ஆள் உன்னை எப்படிப் பார்க்கிறார்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். பிரம்மாண்டம் எல்லாம் எதிர்பார்க்கக் கூடாத சின்ன கேம். ஆனால் இந்த ஒரு முடிவில் பெரிய நிறுவனங்களை விடத் தெளிவாக இருந்திருக்கிறார்கள்.

கேள்வி 3: பாதிப்பு யார் தலையில் விழுகிறது? எப்போது?

கேம்களில் ஒரு வசதி உண்டு. சேவ் பண்ணிக்கொண்டு ஒரு வழியைப் பார்ப்பது, பிடிக்கவில்லையென்றால் லோட் பண்ணி மறு வழி. விளைவு உடனே தெரிந்தால் எந்தத் தேர்வும் கனக்காது.

2007-இல் வந்த முதல் 'விட்சர்' இதற்கு எளிய மருந்து கண்டுபிடித்தது: விளைவைத் தள்ளிப்போடு. ஆரம்பத்தில் சில சரக்குப் பெட்டிகளை எல்ஃப் போராளிகளிடம் கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு தேர்வு வரும். கொடுத்துவிட்டு மறந்தே போயிருப்போம். பல மணி நேரம் கழித்து, நமக்குத் தேவையான ஒரு ஆள் அவர்கள் அம்பு பட்டுச் செத்துக் கிடப்பார். அதற்காகப் பழைய சேவுக்குப் போக யாருக்கும் மனசு வராது. டோபி ஃபாக்ஸ் 2015-இல் செய்த 'அண்டர்டேல்' இன்னும் ஒரு படி மேலே. நம்மை அன்பாகப் பார்த்துக்கொண்ட டோரியலைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் லோட் பண்ணி உயிரோடு விட்டால், வேறொரு பாத்திரம் வந்து நீ முதலில் என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும் என்று சிரிக்கும்.

இந்த உத்தியை நம் பக்கத்து மக்களுக்கு விளக்கவே வேண்டாம். வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தர்மர் கதை தெரியும். அசுவத்தாமன் என்ற யானையைக் கொன்றுவிட்டு, துரோணர் காதில் மகன் செத்தான் என்று படும்படி தர்மர் பாதி உண்மை சொல்கிறார். அதுவரை தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த அவர் தேர் மண்ணில் இறங்குகிறது. அந்த நேரத்தில் அவ்வளவுதான் தண்டனை, போரிலும் ஜெயிக்கிறார். ஆனால் வியாசர் கணக்கை மூடவில்லை. எல்லாம் முடிந்து சொர்க்கத்துக்குப் போன பிறகு அந்தப் பொய்க்காகச் சிறிது நேரம் நரகத்தைப் பார்க்க வைக்கிறார். தர்மரை வில்லனாக்கவும் இல்லை, சும்மா விடவும் இல்லை. தள்ளிப்போட்ட விளைவுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

'எப்போது' போலவே 'யார் தலையில்' என்பதும் முக்கியம். பெரும்பாலான கேம்களில் முடிவெடுப்பவரே பலனையும் அனுபவிக்கிறார். நிஜத்தில் முடிவெடுப்பவர் ஒருவர், அனுபவிப்பவர் வேறொருவர். அனுபவிப்பவரின் முகத்தை நமக்குக் காட்டுகிற எழுத்தாளர் நல்ல எழுத்தாளர்.

கேள்வி 4: தெரிந்துகொள்ள வழி இருந்ததா, இல்லை எழுத்தாளர் குழி தோண்டினாரா?

'நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் 2', 2004. இதில் ஆர்.பி.ஜி. ரசிகர்கள் இன்றும் விவாதிக்கும் ஒரு காட்சி. ஒரு பிச்சைக்காரர் காசு கேட்கிறார். கொடுத்தால், கூட வரும் கிழவி க்ரியா ஒரு காட்சியைக் காட்டுகிறாள்: அந்தக் காசுக்காகவே அவரை இன்னொருவன் அடித்துப் பறிக்கிறான். கொடுக்காமல் விரட்டினால், அந்த வெறுப்பில் அவர் இன்னொருவரை அடிக்கிறார். நீ யோசிக்காமல் செய்த காரியம் எங்கே போய் முடிகிறது பார் என்று இரண்டு வழியிலும் க்ரியா கண்டிக்கிறாள்.

முந்தைய மூன்று கேள்விகளிலும் இந்தக் காட்சி நன்றாகவே தேறுகிறது. கருணைக்குக் கூலி இல்லை, பாதிப்பு அடுத்தவர் மேல். யோசிக்க வைக்கிறது என்பதிலும் சந்தேகமில்லை. ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. இரண்டு வழியிலும் கெடுதல் என்று எழுத்தாளர் முன்னாலேயே முடிவு செய்துவிட்டார். அந்தத் தெருவில் வழிப்பறி நடக்கும் என்று நான் முன்பே விசாரித்துத் தெரிந்துகொள்ள வழி இல்லை. காசுக்குப் பதில் வேறு உதவி செய்யவும் முடியாது. க்ரியாவின் தத்துவம் ஜெயிக்கிறது என்றால், எதிர்வாதம் பேச என்னை அனுமதிக்காததால்தான் ஜெயிக்கிறது. எழுத்தாளர் தராசில் கட்டைவிரலை வைத்திருக்கிறார். 'எல்லா வழியும் கெட்டதே' என்று எழுதுவது ஆழம் மாதிரி தெரியும். பல நேரம் அது, நல்லது செய்தால் பரிசு என்ற பழைய சூத்திரத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டதுதான்.

விட்சர் 3-இன் அந்த ஆவி விஷயம் இதில் தப்பிக்கிறது. அங்கேயும் முழுசாகத் தெரியாது. ஆனால் துப்புகள் இருக்கின்றன, குழந்தைகளை நாம் முன்பே பார்த்துப் பேசியிருக்கிறோம், ஆவி சொல்வதைச் சந்தேகிக்கவும் காரணம் இருக்கிறது. அரைகுறையாகத் தெரிந்து முடிவெடுப்பது ஒன்று. எதுவுமே தெரியாமல் தள்ளிவிடப்படுவது வேறு.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கேம் எழுதினால்

இந்த நாலு கேள்விகளையும் டிராகன், விண்வெளி எல்லாம் இல்லாத இடத்தில் வைத்துப் பார்க்கலாம். கதைக்களம் கும்மிடிப்பூண்டி சிப்காட். கற்பனையான ஒரு ரோலிங் மில். நீங்கள் நைட் ஷிஃப்ட் இன்சார்ஜ். மாசக் கடைசி, விடிவதற்குள் லோடு ஏற வேண்டும். மெஷினைச் சுற்றியிருக்கும் கார்டு கதவில் ஒரு லிமிட் ஸ்விட்ச். கதவு திறந்திருந்தால் மெஷின் ஓடாது. அந்த ஸ்விட்ச் பழுதாகி, கதவு மூடியிருந்தாலும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மெஷின் ட்ரிப் ஆகிறது. எலக்ட்ரீஷியன் காலையில்தான் வருவார். பி.எல்.சி.யில் அந்த இன்டர்லாக்கை பைபாஸ் பண்ணுவது ஒரு நிமிஷ வேலை, ஒரே ஒரு பிட்.

மோசமான எழுத்தாளர் இதை எப்படி எழுதுவார்? மேனேஜர் மீசையை முறுக்கிக்கொண்டு, பைபாஸ் பண்ணு, பத்தாயிரம் தருகிறேன் என்பார். பண்ணினால் அஞ்சாவது நிமிஷத்தில் விபத்து, கெட்டவன் மதிப்பெண் 10. நிறுத்தினால் முதலாளி நேரில் வந்து மாலை போட்டு பிரமோஷன் கொடுப்பார், நல்லவன் மதிப்பெண் 10.

இப்போது நாலு கேள்விகளையும் வைத்துத் திருத்தி எழுதுவோம்.

முதல் கேள்வி, எதிர்த் தரப்பின் நியாயம். பைபாஸ் பண்ணச் சொல்வது மேனேஜர் இல்லை. ஒடிசாவிலிருந்து வந்த கான்ட்ராக்ட் தொழிலாளி. "பண்ணிடுங்க சார், நாங்க ஜாக்கிரதையா பார்த்துக்கறோம்" என்கிறார். அவர் கூலி டன் கணக்கில். மெஷின் நின்றால் இன்றைய வருமானம் போச்சு, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் குறையும். அவர் கேட்பதில் ஒரு அநியாயமும் இல்லை.

இரண்டாவது, கூலி. நிறுத்தினால் யாரும் மாலை போட மாட்டார்கள். தொழிலாளர்கள் முறைப்பார்கள். காலையில் புரொடக்ஷன் மீட்டிங்கில் டார்கெட் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். விபத்து நடக்கவில்லை என்பதற்கு ஆதாரம் எங்கேயும் இருக்காது. நடக்காத விபத்து எந்த ரிப்போர்ட்டிலும் வராது.

மூன்றாவது, யார் தலையில், எப்போது. பைபாஸ் பண்ணினால் இன்றிரவு ஒன்றும் ஆகாது. லோடு போய்விடும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆபத்து அந்தச் சந்தோஷத்தில்தான் இருக்கிறது. அடுத்த தடவை பைபாஸ் பண்ண யோசிக்க வேண்டியதில்லை, அப்புறம் அதுவே நடைமுறை. 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்ததை ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வாகன், 1996-இல் எழுதிய புத்தகத்தில் இந்தப் போக்கைத்தான் விவரித்தார்: விதிமீறல் ஒவ்வொரு தடவையும் பாதிப்பில்லாமல் முடிவதால் மெல்ல அதுவே வழக்கம் ஆகிவிடுகிறது. ஆக கேமில் இரண்டு மாதம் கழித்து, வேறொருவர் ஷிஃப்டில், அந்த பிட் இன்னும் பைபாஸிலேயே இருப்பது தெரியாமல் ஒரு புதுப் பையன் கதவைத் திறந்து கையை விடுகிறான். ஆபீஸ் ரூமில் இருந்து பட்டனை அமுக்கியது நீங்கள். அந்தப் பையனை நீங்கள் பார்த்ததுகூட இல்லை.

நாலாவது, தெரிந்துகொள்ள வழி. ஷிஃப்ட் லாக் புக் மேஜையில்தான் இருக்கிறது. பைபாஸ் பண்ணியதை அதில் எழுதிவைக்கலாம், எழுதாமலும் விடலாம். பழைய பக்கங்களைப் புரட்டினால் இதே ஸ்விட்ச் பற்றி முன்பு யாரோ எழுதியது கிடைக்கும். மூன்றாவது வழியும் உண்டு: மெஷினை நிறுத்தி, அன்றைய கூலியை அட்டெண்டன்ஸ் கணக்கில் கொடுக்கச் சொல்லி மேனேஜரை நடுராத்திரியில் எழுப்புவது. திட்டு விழும், ஆனால் வழி இருக்கிறது. தேடினவருக்குக் கிடைக்கும்படி அதை வைக்க வேண்டியது எழுத்தாளரின் பொறுப்பு.

இப்படி எழுதிப் பார்த்தால் இரண்டாவது கேள்விக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம் என்று புரியும். தொழிற்சாலையில், ஆஸ்பத்திரியில், அரசு அலுவலகத்தில் என்று எங்கே பார்த்தாலும், சரியாகச் செய்ததன் பலன் பெரும்பாலும் 'ஒன்றும் நடக்கவில்லை' என்பதுதான். கேம்கள் நாற்பது மணி நேரம் உட்காரவைத்து, நல்லது செய்தால் உடனே மணி அடிக்கும் என்று பழக்கினால், மணி அடிக்காத இடத்தில் நல்லது செய்யும் தெம்பை அவை வளர்க்கவில்லை. கேம் விளையாடி யாரும் கெட்டுப்போகிறார்கள் என்று சொல்ல வரவில்லை, அது வேறு விவாதம். எழுத்தாளர் தன் கையில் இருந்த ஒரு அருமையான கருவியை வீணாக்கிவிட்டார் என்பதுதான் என் குறை. நாவலிலும் சினிமாவிலும் அடுத்தவர் முடிவெடுப்பதைப் பார்க்கத்தான் முடியும். நம்மையே முடிவெடுக்க வைத்து, அதோடு கொஞ்ச நாள் வாழவும் வைக்க கேமால் முடியும்.

கடைசியாக ஒரு சோதனை

அடுத்த தடவை ஒரு ஆர்.பி.ஜி. முடித்ததும் எத்தனை எண்டிங் என்று தேடுவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். அதில் வந்த ஏதாவது ஒரு தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண், பரிசு, வீடு, புது ஆயுதம் எல்லாவற்றையும் மனசுக்குள் கழித்துவிடுங்கள். அதற்குப் பிறகும் 'நான் செய்தது சரியா' என்று யாரிடமாவது வாதாடத் தோன்றினால் அந்த இடத்தை எழுதியவர் தன் வேலையைச் செய்திருக்கிறார். கழித்ததும் மிச்சம் ஒன்றும் இல்லையென்றால், அங்கே தர்மசங்கடம் என்று எதுவும் இருந்ததில்லை. இரண்டு கடைகள் இருந்தன, எந்தக் கடையில் சாமான் வாங்குவது என்று கேட்டிருக்கிறார்கள்.

இந்தச் சோதனையில் மெகாடன் தேறாது. மாஸ் எஃபெக்ட் 2-இல் பாதி தேறும். நிறங்களை அழித்துவிட்டுப் பார்த்தால் உள்ளே நல்ல கேள்விகள் சில இருக்கின்றன. க்ரியா காட்சி தேறும், என் குறையோடு சேர்த்து. மூலிகைக் கடைக்காரர் 1985-லேயே தேறிவிட்டார். கண் தெரியாதவர் முன்னால் எத்தனை காசு வைப்பது என்ற அந்தக் கேள்விக்கு கிராஃபிக்ஸ்கூடத் தேவைப்படவில்லை.